உண்ணிச்செடி நாற்காலி

சத்தியமங்கலத்தில் பேருந்து ஏறி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மைசூருக்குப் போனவர்களுக்கு உண்ணிச்செடியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆசனூர்ப் பக்கம் சாலையின் இருபுறமும் ஆள் உயரப் புதர். மஞ்சளும் ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாய்க் கொத்துக் கொத்தாய்ப் பூ. இதன் கறுத்த பழத்தைப் பறித்துத் தின்ற ஞாபகம் நம்மில் பலருக்கு இருக்கும்.

அந்த வழியாகத்தான் போன மாதம் மைசூர் போனேன். அங்கே ஒரு கடையில் 'இயற்கைக்கு உகந்தது' என்ற சீட்டு ஒட்டிய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அட்டையில் ஈழத்தலரிப் பூ. நம் கோயில் வளாகங்களில் நிற்கும் அதே பூ; ஹவாய் என்றதும் மாலையாக நினைவுக்கு வருவதும் அதுதான். படம் அழகாகவே இருந்தது. ஆனால் அதன் மேல் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறை. அது மட்காது.

ஈழத்தலரி ஹவாயின் சொந்தப் பூவும் அல்ல. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த அதை 1860இல் ஹவாய்க்குக் கொண்டுபோனவர் ஹில்பிரண்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். அவரே 1858இல் அழகுக்காகக் கொண்டுபோன இன்னொரு அமெரிக்கச் செடிதான் நம் உண்ணி. ஈழத்தலரி மாலையாயிற்று, உண்ணி மேய்ச்சல் நிலத்தை மூடியது. அதைத் தின்னும் பூச்சிகளைத் தேடி 1902இல் மெக்சிகோவரை ஆள் அனுப்பினார்கள். ஹவாயிலிருந்து 1921இல் இந்தியாவுக்கும் ஒரு வகை ஈ வந்தது, உண்ணி விதையை அழிக்கும் என்ற நம்பிக்கையில். பலன் இல்லை.

இந்தியாவுக்கு உண்ணி வந்தது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு. இன்று சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் காட்டில் அது பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மைசூருக்குத் தென்கிழக்கே உள்ள பிளிகிரிரங்கன் மலையில் 1997இல் ஆய்வுக்கு எடுத்த இடங்களில் 41 சதவீதத்தில் இருந்த உண்ணி, 2008இல் 81 சதவீதத்தில் இருந்தது. அந்த மலையின் சோளகர்கள் இதற்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். முன்பு கோடைக்கு முன்னரே சருகுக்கு மெல்லிய தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். வனச் சட்டம் அதைத் தடுத்த பிறகுதான் உண்ணி பெருகியது என்கிறார்கள். அவர்கள் பேச்சை நாம் இன்னும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

செடியின் மேல் கோபம் இருந்தாலும் பூவை ஒருமுறை நின்று பாருங்கள். கொத்தின் நடுவில் புதிதாக மலர்ந்தவை மஞ்சள், ஓரத்தில் பழையவை சிவப்பு. மகரந்தம் சேர்ந்ததும் மஞ்சள் மாறுகிறது. பூச்சிகள் மஞ்சளைத்தான் நாடுகின்றன. இதை விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவரான தாவரவியலாளர் எச்.ஒய்.மோகன்ராம் மைசூரில் படித்தவர்.

இந்தச் செடியைப் பொருளாக்கும் முயற்சி நடந்த இடம் மாதேஸ்வரன் மலை. பெங்களூரின் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் அங்கே மலைவாழ் மக்களுக்கு உண்ணிக் கழியில் மேசை, நாற்காலி, கூடை செய்யப் பயிற்சி தந்தது. முற்றிய தண்டுகளைத் தண்ணீரில் சில மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். வெந்ததும் பட்டை கத்திக்கு லேசாக உரிகிறது. உள்ளே வழுவழுப்பான கழி. சூடு ஆறுவதற்குள் வளைத்துவிட வேண்டும். மர நாரைப் பிணைக்கும் லிக்னின் ஈரச் சூட்டில் இளகி, ஆறும்போது அதே வளைவில் இறுகிவிடுகிறது. கரையானும் எளிதில் அண்டாது. பிரம்புக்கு நல்ல மாற்று, காட்டில் பிரம்பு வெட்டுவதும் குறையும். கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகள் இதே கழியில் முழு உருவ யானைகளைச் செய்தார்கள். அவை 2021இல் லண்டன் பூங்காக்களிலும் 2024இல் அமெரிக்காவிலும் நின்றன.

நோட்டுப் புத்தகத்துக்கும் வழி இருக்கிறது. முதுமலையில் பரவிய சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்ற மஞ்சள் பூ மரமும் அழகுக்காக வந்ததுதான். அதை வெட்டி, கரூர் மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு காகித ஆலைக்குக் கூழுக்காக அனுப்ப அரசு ஏற்பாடு செய்தது.

நாற்காலி செய்தே காட்டை மீட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கைவினைக்கு முற்றிய தண்டு மட்டும்தான் ஆகும். மேலே வெட்டினால் உண்ணி மறுபடி துளிர்க்கும். மண்ணுக்குள் வேரை அறுத்துப் புதரைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும், அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். அது வனத்துறையின் வேலை. ஆனால் அந்த வேலையில் வெட்டிய தண்டுக்கு ஒரு விலை கிடைத்தால், கூலி காட்டோரத்து வீட்டுக்கே போகும்.

மாதேஸ்வரன் மலைக்கு ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போகிறவர்கள் ஏராளம். அடுத்த முறை போகும்போது உண்ணிக் கழியில் செய்த கூடையோ முக்காலியோ கண்ணில் பட்டால், பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள்.