செம்பு இல்லாத பெட்டி

பழைய பேப்பர்காரர் தராசை எடுக்கவே இல்லை. என் பவர் ஆம்ப்ளிஃபையரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து ஒரு சாண் தூக்கிப் பார்த்தார். "17, 18 கிலோ வரும் சார்" என்றார். அதன் கையேட்டில் 17 என்றுதான் போட்டிருக்கிறது. "உள்ள செம்பு நல்லா இருக்கும். தகரத்துக்குத் தனி ரேட்டு, செம்புக்குத் தனி ரேட்டு போட்டுக்கலாம்."

பிறகு, அலமாரியில் அதன் இடத்துக்கு வந்துவிட்ட புதுப் பெட்டியை ஒரு கையால் எடுத்தார். டிபன் தட்டு அகலம், நாலு விரல் உயரம், 2 கிலோகூட இல்லாத எடை. "இது என்னா விலை சார்?" சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதுல ஒண்ணுமே இல்லியே சார்" என்று பூவை வைப்பதுபோல் திரும்ப வைத்துவிட்டார்.

நியாயமான சந்தேகம். அந்த 15 கிலோ எங்கே போயிற்று?

என்னிடம் இருந்தது ஒரு கோபுரம். கீழிருந்து மேலாக பவர் ஆம்ப், ப்ரீ ஆம்ப், கேசட் டெக், ட்யூனர், சிடி பிளேயர், உச்சியில் ரெக்கார்டு பிளேயர். எல்லாம் சுமார் 43 சென்டிமீட்டர் அகலம். ஒரே நாளில் வாங்கியதில்லை. டெக், துபாயிலிருந்து மாமா கொண்டுவந்தது. சிடி பிளேயர், பர்மா பஜாரில் ஒரு மதியம் முழுக்கப் பேரம் பேசியது. பவர் ஆம்ப், அமெரிக்கா கிளம்பிய ஒருவர் விற்றுவிட்டுப் போனது. பின்பக்கம் 14 வயர். தரையில், கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் 'டொக் டொக்' என்று தட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெபிலைசர்.

நவராத்திரிக்கு முந்தின வாரம் இத்தனையையும் கழற்றி உள்ளறைக்குக் கொண்டுபோவேன். கொலுப்படி வைக்க ஹாலில் இருப்பது அந்த ஒரு சுவர்தான். விஜயதசமி கழிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். எது எங்கே போகிறது என்பது மறக்காமலிருக்க வயர் முனைகளில் மனைவியின் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருந்தேன். போன வருஷம் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் வீட்டில் யாரும் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

தனித்தனிப் பெட்டிகளுக்கு ஒரு காலத்தில் உண்மையான காரணம் இருந்தது. ரெக்கார்டு பிளேயரின் ஊசி தருவது சுமார் 5 மில்லிவோல்ட். சிடி பிளேயர் தருவது 2 வோல்ட், அதாவது 400 மடங்கு. அந்தப் பூஞ்சையான சிக்னலுக்குப் பக்கத்தில் பெரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்தால், பாட்டுக்கு அடியில் யாரோ சுருதிப் பெட்டி போட்டுவிட்டுப் போன மாதிரி ஓயாமல் ஒரு 'உம்ம்ம்' கேட்கும். அதனால் நுணுக்கமான வேலைக்கு ஒரு பெட்டி, முரட்டு வேலைக்கு ஒரு பெட்டி. வியாபாரக் காரணமும் உண்டு: ஒரு பெட்டி வாங்கியவனுக்கு அடுத்ததை விற்கலாம். 1978-ல் என்.ஏ.டி. நிறுவனம் கொண்டுவந்த 3020, ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் இரண்டையும் ஒரே சின்னப் பெட்டியில் அடக்கிக் காட்டியது. பக்கத்துக்கு 20 வாட்ஸ்தான், பார்வைக்கும் சாதாரணம். ஆனாலும் உலகம் முழுக்க விற்றது. நான் அதைப் படித்துவிட்டுத்தான் கோபுரம் கட்டினேன் என்பது வேறு விஷயம்.

பேப்பர்காரர் தேடிய செம்பு டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றியது. நம் வீட்டுக் கரண்ட்டின் வேகம் வினாடிக்கு 50 சுழற்சி. அந்த மெதுவான வேகத்தில் வேலை செய்ய டிரான்ஸ்ஃபார்மருக்கு நிறைய இரும்பும் நிறையச் செம்பும் தேவை. அதையே வினாடிக்கு ஒரு லட்சம் சுழற்சியாக்கினால் எலுமிச்சை அளவு போதும். இதை எல்லோரும் கையால் தொட்டே அறிந்திருக்கிறோம். டேப் ரெக்கார்டருக்கு மாட்டிய எலிமினேட்டர் கல் மாதிரி கனத்தது. அதைவிடப் பல மடங்கு சக்தி தரும் செல்போன் சார்ஜர் சட்டைப்பையில் கிடக்கிறது. தவிர, இந்தப் புதுப் பெட்டி 100 வோல்ட்டிலிருந்து 240 வரை எது வந்தாலும் வாங்கிக்கொள்கிறது. ஸ்டெபிலைசரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றது.

மிச்ச எடையில் பெரும்பங்கு ஹீட் சிங்க் என்கிற அலுமினிய மடிப்பு. பழைய ஆம்ப் கிளாஸ் ஏபி வகை. ஸ்பீக்கருக்குப் போகும் கரண்ட்டை அதன் டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்த குழாய்போலக் கட்டுப்படுத்தும், தடுத்தது சூடாகும். அந்தக் காலத்து ஃபேன் ரெகுலேட்டர் ஞாபகம் இருக்கிறதா? சுவரில் குண்டாக உட்கார்ந்திருக்கும், ஃபேனைக் குறைத்தால் அது சுடும். அதே கதைதான். கிளாஸ் டி-யில் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும், இல்லாவிட்டால் முழுக்க மூடியிருக்கும். வினாடிக்குச் சில லட்சம் முறை இப்படித் திறந்து மூடி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதிலேயே பாட்டின் உருவத்தை எழுதிவிடுகிறது. கடைசியில் ஒரு காயிலும் கெபாசிட்டரும் அந்தப் படபடப்பை வடிகட்டிவிட, ஸ்பீக்கருக்கு இசை மட்டும் போகிறது. வாங்கிய மின்சாரத்தில் 90 சதவிகிதம் வரை ஸ்பீக்கருக்குச் சேர்கிறது. டி என்றால் டிஜிட்டல் என்று கடைக்காரர்களே சொல்கிறார்கள். ஏ, பி, சி-க்கு அடுத்து வந்ததால் டி. அவ்வளவுதான்.

என் பழைய ஆம்ப் பாட்டே போடாமல் சும்மா இருக்கும்போது 50 வாட்ஸ் இழுத்தது. தினம் 5 மணி நேரம் என்றால் மாதம் ஏழரை யூனிட். மே மாதம் அந்தச் சூட்டையும் சேர்த்து ஏசி இறைக்க வேண்டும்.

கிளாஸ் டி யோசனை பழையதுதான். பிற்காலத்தில் வீட்டுக் கம்ப்யூட்டர்களால் பெயர் வாங்கிய கிளைவ் சின்க்ளேர், 1964-ல் இங்கிலாந்தில் எக்ஸ்-10 என்ற கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையரை உதிரி பாகமாக விற்றார். பெயரில் இருந்த 10 வாட்ஸ் ஒலியில் வரவில்லை. ரேடியோவில் இரைச்சல்தான் வந்தது. அந்த வேகத்துக்கு அன்றைய டிரான்சிஸ்டர்கள் ஈடுகொடுக்கவில்லை. மாஸ்ஃபெட் என்ற வேகமான வகை வர வேண்டியிருந்தது. டென்மார்க்கில் கார்ஸ்டன் நீல்சனின் ஆராய்ச்சி 1990-களின் கடைசியில் பேங் அண்ட் ஓலுஃப்சன் நிறுவனத்தின் ஐஸ்பவர் ஆம்ப்ளிஃபையர் ஆனது. 2001 வாக்கில் பிலிப்ஸில் ப்ரூனோ புட்சைஸ் வடிவமைத்த சுற்று, கிளாஸ் டி-யைக் காது கொடுத்துக் கேட்கும்படி செய்தது. இப்போது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 என்ற ஐசி, விரல் நகத்தைவிடச் சற்றே நீளம், இரண்டு ஸ்பீக்கருக்கும் நூறு வாட்ஸுக்கு மேல் தள்ளுகிறது.

வாட்ஸ் என்றதும் நம்மூரில் ஒரு பழைய வியாதி உண்டு. செட்டின் அட்டைப்பெட்டியில் 1000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று கொட்டை எழுத்தில் இருக்கும். செட்டைப் பின்பக்கம் திருப்பினால், அது சுவரிலிருந்து இழுப்பதே 30 வாட்ஸ் என்று பொடி எழுத்தில் இருக்கும். என் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் கேட்கும். குரலை உயர்த்தினால்தான் பேச முடியும் என்கிற சத்தம் அது. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. பழைய ஆம்ப் 100 வாட்ஸ், புதியது 60. இரண்டுக்கும் உச்சத்தில் உள்ள வித்தியாசம் அந்த 3 டெசிபல்கூடக் கிடையாது.

மாற்றிய அன்று நடந்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டும்போதே ஸ்பீக்கர் வயரைச் சுவருக்குள் பைப் போட்டு இழுத்திருந்தோம். புதுப் பெட்டியை அதில் மாட்டினேன். பாட்டு இரண்டு வினாடி வந்தது, நின்றது. அணைத்துப் போட்டேன். மறுபடி இரண்டு வினாடி. கடைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று அட்டைப்பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஏதோ தோன்றிச் சுவர்ப்பெட்டியின் மூடியைக் கழற்றினால், உள்ளே நான்கு வயருக்குப் பதில் மூன்று. இரண்டு ஸ்பீக்கரின் மைனஸுக்கும் பொதுவாக ஒரே கறுப்பு வயர். 22 வருஷத்துக்கு முன் எலக்ட்ரீஷியன் ஒரு சுருளை மிச்சம் பிடித்திருக்கிறார்.

அது இத்தனை வருஷம் தெரியாமல் இருந்ததற்குக் காரணம், பழைய ஆம்ப்பில் இரண்டு மைனஸும் எப்படியும் உள்ளே ஒரே கிரவுண்டில்தான் சேர்ந்தன. கிளாஸ் டி பெட்டிகள் பலவற்றில் கிரவுண்டு என்ற பேச்சே கிடையாது. பிளஸ் தள்ளும்போது மைனஸ் இழுக்கும். இரண்டிலும் ஆம்ப்ளிஃபையர் உண்டு. இடது மைனஸையும் வலது மைனஸையும் முடிச்சுப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். பாதுகாப்புச் சுற்று ஒழுங்காக இருந்ததால் என் பணம் தப்பியது. பழைய வீட்டில் இந்த மாதிரிப் பெட்டியை மாட்டப்போகிறவர்கள் தயவுசெய்து முதலில் வயரை எண்ணுங்கள்.

ஒலி எப்படி என்றுதானே கேட்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை வைத்தோம். மல்டிமீட்டரை ஸ்பீக்கர் முனையில் பிடித்து, இரண்டு ஆம்ப்பும் ஒரே வோல்ட்டேஜ் தரும்படி வால்யூமைச் சரிக்கட்டினோம். இது இல்லாமல் ஒப்பிடுவது வீண். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத் 'தெளிவு' என்று நம்பிவிடும். இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பிலிருந்து ஒரே பகுதி, 20 முறை. மகள் பின்னால் உட்கார்ந்து வயரை மாற்றி மாற்றிக் குத்தினாள். சில முறை மாற்றுவதுபோல் சத்தம் மட்டும் செய்தாள். 11 முறை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் கிட்டத்தட்ட அதே மதிப்பெண்தான் வந்திருக்கும். பழைய ஆம்ப்பின் வெதுவெதுப்பு வேறு எதிலும் வராது என்று இருபத்தைந்து வருஷமாக நண்பர்களிடம் பேசிவந்தவன் நான்.

சின்னப் பெட்டி எல்லாமே இப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலிவான சிலவற்றில் அந்தக் கடைசி வடிகட்டி ஸ்பீக்கரைப் பொறுத்துக் குணம் மாறும். 4 ஓம் ஸ்பீக்கரில் ட்ரெபிள் மங்கும், 8 ஓமில் கொஞ்சம் கூசும். வடிகட்டிக்குப் பிறகும் ஒலியைச் சரிபார்த்துத் திருத்தும் சுற்று உள்ளதா என்று பார்த்து வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

எனக்குக் கேட்ட பெரிய வித்தியாசம் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் ஹால் 16 அடிக்கு 11 அடி. டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர். 11 அடி அகலத்துக்குள் 51 ஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவருக்கு நடுவே சரியாகப் பொருந்தி நின்றுவிடும். பேஸ் கிட்டார் ஏறி இறங்கும்போது அந்த ஒரு சுரம் வந்தால் மட்டும் ஷோகேஸ் கண்ணாடி அதிரும். இதற்காக நான் குறை சொல்லாத ஆம்ப் இல்லை, மாற்றாத வயர் இல்லை. புதுப் பெட்டி, செல்போன் மைக்கை வைத்து அறையை அளந்து, அந்த 51 ஹெர்ட்ஸில் மட்டும் ஒலியைத் தணித்தது. சோபாவில் உட்கார்ந்து கேட்டபோது, பல வருஷமாகக் கேட்ட பாட்டில் பேஸ் கிட்டார் என்ன வாசிக்கிறது என்பது முதல் தடவையாகப் புரிந்தது. செம்பிலும் அலுமினியத்திலும் செலவழித்த காசில் கால்வாசியை அறைக்குச் செலவழித்திருக்கலாம்.

வீட்டாருக்குப் பிடித்த காரணம் வேறு. டிவியிலிருந்து ஒரே எச்டிஎம்ஐ வயர். ஏஆர்சி என்ற இந்த வசதி 2009-லேயே வந்துவிட்டது. டிவி ரிமோட்டே பெட்டியின் வால்யூமையும் கூட்டிக் குறைக்கிறது. முன்பு செய்தி கேட்க இரண்டு பட்டனும் ஒரு செலக்டரும் திருப்ப வேண்டியிருந்ததால், கோபுரத்தின் பக்கமே யாரும் வந்ததில்லை. இப்போது எனக்குத்தான் முறை கிடைப்பதில்லை.

ரெக்கார்டு பிளேயரை மாட்ட இதில் இடமில்லை. ஊசியின் 5 மில்லிவோல்ட்டை நூறு மடங்காக்கி, பதிவின்போது குறைத்த பேஸைத் திருப்பிக் கொடுக்க உள்ளங்கை அளவில் தனியாக ஒரு ஃபோனோ பெட்டி வாங்கினேன். ஆக, எல்லாம் ஒரே பெட்டி என்று ஆரம்பித்தது முதல் வாரமே இரண்டானது.

எனக்குள்ள ஒரே பயம் ஆயுளைப் பற்றியது. இந்தப் பெட்டியின் பாதி உயிர் செல்போன் செயலியில் இருக்கிறது. சோனோஸ் நிறுவனம் 2020-ல் தன் பழைய கருவிகளுக்கு அப்டேட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது, நல்ல நிலையில் பாடிக்கொண்டிருந்த பெட்டிகள் திடீரென்று வயதாகிப்போயின. 2024-ல் அவர்கள் மாற்றிய செயலி எத்தனை பேரைக் கடுப்பேற்றியதென்றால், அடுத்த ஜனவரியில் தலைமை அதிகாரியே பதவி விலகினார். பழைய பவர் ஆம்ப்புக்குக் கடவுச்சொல் தேவைப்பட்டதில்லை. ஆன் செய்தால் நாலு வினாடி கழித்து உள்ளே ரிலே 'டக்' என்று விழும், பாடும். அந்த 'டக்' இல்லாதது இன்னமும் எனக்குப் பழகவில்லை.

பேப்பர்காரருக்கு நான் அதைக் கொடுக்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி ரிச்சி தெருவின் பக்கத்துச் சந்தில், மாடியில் கடை வைத்திருக்கும் என் பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். ஆறு ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கத் தகட்டில் அவருடைய பென்சில் எழுத்து: 98-ல் ரிலே, 2009-ல் கெபாசிட்டர்.

"நல்லாத்தானே தம்பி இருக்கு. புதுசு கெட்டா என்ன பண்ணுவே?"

"தூக்கிப் போட வேண்டியதுதாண்ணே. ஸ்க்ரூ எங்க இருக்குன்னே தெரியல."

"அப்புறம் இத ஏன் குடுக்கறே?"

"இடுப்பு தாங்கலண்ணே."

சிரித்தார். கல்லூரிப் பையன் ஒருவன் பெரிய கோன் ஸ்பீக்கரோடு நல்ல ஆம்ப் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். அவனிடம் சொல்லலாம் என்று சோல்டரிங் அயர்னைச் சூடாகப் போட்டார். லெவல் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, 2009-க்குக் கீழே இன்றைய தேதியை எழுதிவிட்டு வேலையை ஆரம்பித்தார்.