எறும்பூரும் எந்திரனும்



திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சைக்குச் செல்லும் சாலையில் திருவெறும்பூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே ஒரு சிறு குன்றின்மேல் எறும்பீசர் கோயில் கொண்டிருக்கிறார். அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு வடிவங்கொண்டு ஊர்ந்து வந்து வழிபட்டார்கள் என்றும், வழுக்கும் இலிங்கத்தின்மேல் அவர்கள் ஏற மாட்டாமல் தவித்தபோது இறைவன் புற்றாகி, சற்றே சாய்ந்தும் கொடுத்தார் என்றும் தலபுராணம் கூறும். அவ்வூரிலேயே, 1960-களில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் ஒத்துழைப்போடு எழுந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலையும் பரந்து கிடக்கிறது. பழங்கதையும் புதுப்பொறியும் அண்டை வீட்டாராய் வாழும் ஊர் அது.

அவ்வூர்ப் பள்ளி ஒன்றில் நிகழ்ந்த சொற்போர் ஒன்றுக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள். நான் பௌதிக ஆசிரியன். ஆகவே திரைப்படம் பற்றிப் பேசப்போகிறார்கள் என்று அறிந்ததும் சிறிது தயங்கினேன். பொருள் இதுதான்: ‘எந்திரன் வரிசைப் படங்களில் வெற்றி பெற்றது விஞ்ஞானமா, வேடிக்கையா?’ மாணவர்கள் பேசப் பேச என் தயக்கம் மறைந்தது. ஆனால் பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்து நெஞ்சை உறுத்தத் தொடங்கியது. அதனைப் பின்னர்ச் சொல்கிறேன்.

முதற்படமாகிய ‘எந்திரன்’ 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் வெளிவந்தது. இயக்கியவர் ஷங்கர். வசீகரன் என்னும் விஞ்ஞானியாகவும், அவர் படைத்த சிட்டி என்னும் எந்திர மனிதனாகவும் ரஜினிகாந்த் இருவேடம் பூண்டார். உரையாடலில் பங்கு கொண்ட சுஜாதா, காவிரிக்கு அக்கரையில் திருவரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர். பெங்களூரில் பொறியாளராய்ப் பணிபுரிந்து, வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்திலும் பங்கு கொண்டவர். படம் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2008-இல், அவர் மறைந்தார். இரண்டாம் படமாகிய ‘2.0’, 2018 நவம்பர் 29-இல் வந்தது. அதற்கு உரையாடல் எழுதியவர்கள் ஜெயமோகனும் ஷங்கரும்.

‘விஞ்ஞானமே வென்றது’ என்று பேசிய மாணவர் ஒருவர் முதற்படத்தின் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டார். அடுக்குமாடி வீடு ஒன்று தீப்பற்றி எரிகிறது. மக்களைக் காப்பாற்றுமாறு சிட்டிக்குக் கட்டளை பிறக்கிறது. அது ஒவ்வொருவராய்த் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியையும், அவள் கதறக் கதற, ஆடையின்றியே பலர் முன்னிலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்பெண் நாணம் தாளாமல் ஓடி, வண்டியில் அடிபட்டு மாள்கிறாள். கட்டளை சிறிதும் பிசகாமல் நிறைவேறிற்று. காப்பாற்றப்பட வேண்டிய உயிரோ போயிற்று.

அம்மாணவர் கூறிய விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. “நாம் ஒரு சொல்லைச் சொல்லும்போது, சொல்லாமல் விடும் நூறு செய்திகளைக் கேட்பவர் தாமே அறிந்துகொள்வார் என்று நம்புகிறோம். பொறி அவற்றை அறியாது” என்றார். செயற்கை அறிவை ஆராய்வோர் இன்று மிகவும் கவலைப்படும் சிக்கல் இதுதான். நாம் எழுதிக் கொடுத்த குறிக்கோள் வேறு, நாம் உண்மையில் விரும்பியது வேறு என்று ஆகிவிட்டால், பொறியின் திறமை மிகுதியாக மிகுதியாகத் தீமையும் மிகுதியாகும். இதனை ஒரு பாட்டிக்கும் பேரனுக்கும் ஒருசேர விளங்குமாறு காட்டிய காட்சி, ஒரு நூலுக்குச் சமானம்.

அதே அணியைச் சேர்ந்த மற்றொரு மாணவி சொல்லாராய்ச்சியில் இறங்கினார். ‘ரோபோ’ என்னும் சொல்லை உலகுக்கு வழங்கியது, செக் எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகம். செக் மொழியில் ‘ரோபோட்டா’ என்றால் கூலியின்றிக் கட்டாயமாய் வாங்கப்படும் உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுக்களில் ‘வெட்டி’ என்று வருகிறதே, ஏறக்குறைய அதுவே. “கொதிகலன் செய்யும் தொழிலை நம்மூருக்குக் கற்றுக்கொடுத்த நாட்டிலிருந்துதான் இந்தச் சொல்லும் வந்தது” என்று அவர் கூறியதும் அவையில் கைதட்டல் எழுந்தது. வெட்டிவேலை செய்யப் படைத்த ஒன்று, ஏன் செய்யவேண்டும் என்று கேட்கத் தொடங்கினால் என்ன ஆகும்? சாப்பெக் எழுப்பிய அக்கேள்வியே ‘எந்திர’னிலும் தொடர்கிறது. இறுதியில் சிட்டி நீதிமன்ற ஆணைப்படி தன்னைத் தானே கழற்றிக்கொள்கிறது. பின்னாளில் காட்சிச்சாலையில் அதனைக் காணும் ஒரு சிறுமி காரணம் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று அது விடை கூறுகிறது. சிரித்துக்கொண்டு வந்தவர்களைச் சிந்திக்கவைத்து அனுப்பிய முடிவு அது.

எதிரணியினர் விட்டுக்கொடுக்கவில்லை. முதற்படத்தின் இறுதிப் போரில் நூற்றுக்கணக்கான சிட்டிகள் ஒன்றோடொன்று பிணைந்து, பந்தாகவும் பாம்பாகவும் பேருருவாகவும் மாறுகின்றன அல்லவா? ஓர் இளைஞர் அதனை எறும்புகளோடு ஒப்பிட்டார். எறும்புகள் உடலோடு உடல் கோத்துப் பாலம் அமைக்கின்றன. வெள்ளம் வந்தால் சிலவகை எறும்புகள் தெப்பமாய்த் திரண்டு மிதக்கின்றன. ஆனால் அவற்றுக்குப் படைத்தலைவன் கிடையாது. ஒவ்வோர் எறும்பும் தனக்கு அருகில் இருப்பதை மட்டும் அறிந்து, சில எளிய விதிகளைப் பின்பற்றுகிறது. பெரிய ஒழுங்கு தானே அமைகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தார் 2014-இல் 1,024 சிறு எந்திரங்களை இவ்வாறே தாமாக உருவங்களில் அணிவகுக்கச் செய்து காட்டினார்கள். “படத்திலோ ஒரு தலைவன் ஆணையிட மற்றவை பணிகின்றன. எங்கள் ஊர் எறும்பு அறிந்த விஞ்ஞானம்கூட அப்படத்தில் இல்லை” என்று அவர் முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது.

இனி இரண்டாம் படம். பட்சிராஜன் என்னும் பறவை ஆராய்ச்சியாளர், கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சினால் பறவைகள் மடிகின்றன என்று முறையிடுகிறார். ஒருவரும் செவிசாய்க்கவில்லை. மனமுடைந்த அம்முதியவர் கோபுரம் ஒன்றிலேயே தூக்கிட்டு உயிர்விடுகிறார். அவருடைய ஆவி பறவைகளின் ஆவியோடு கலந்து, ஊரிலுள்ள கைபேசிகளையெல்லாம் பறக்கச்செய்து பழிவாங்குகிறது. பகைவனின் பக்கத்திலும் நியாயத்தை வைத்தது இப்படத்தின் சிறப்பு. பறவைகள் குறைந்தால் புழுபூச்சிகள் பெருகும், அதனால் மனிதனுக்கே கேடு என்று அவர் சொல்வதும் மெய்யே. ஆவிக்கு விஞ்ஞான வேடம் கட்டியதுதான் குறை. கிர்லியான் என்னும் ருஷ்யர் 1939-இல் கண்ட ஒளிப்பட முறையை ஒத்த ஒன்றைக் காட்டி, உயிரின் ஒளிவட்டம் என்கிறது படம். அம்முறையில் தெரியும் ஒளி, மின்சாரம் காற்றில் கசிவதால் உண்டாவது. பொருளின் ஈரம் மாறினால் அதுவும் மாறும்.

கதிர்வீச்சைப் பற்றிய செய்தி இதனினும் பெரியது. என் தவறும் அதில்தான் இருக்கிறது. படம் வந்த புதிதில், நான் கண்கலங்கிப் பார்த்துவிட்டு மறுநாள் வகுப்பில், “சிட்டுக்குருவிகளைக் கொன்றவை கோபுரங்களே” என்று உறுதியாய்ச் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, “ஐயா, எங்கள் தெருக் கோபுரத்தின் உச்சியில் காகம் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறதே?” என்று கேட்டாள். “உட்கார், பாடத்தைக் கவனி” என்றேன். என்னிடம் விடை இல்லை. இல்லை என்று சொல்லும் துணிவும் இல்லை.

பிறகே படித்துத் தெளிந்தேன். கைபேசி அலையின் ஒரு துகளுக்குள்ள ஆற்றல், நாம் காணும் ஒளித்துகளின் ஆற்றலில் சில இலட்சத்தில் ஒரு பங்குதான். மூலக்கூறுகளை உடைக்க அது போதாது. அளவு மிகுந்தால் உடலைச் சூடாக்கும். அதனால்தான் வரம்பு விதிக்கிறார்கள். 2012-இல் நம் அரசு, கோபுரங்களுக்குரிய வரம்பைப் பன்னாட்டு அளவில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. மின்காந்த அலைகள் பறவைகளை ஒன்றுமே செய்யா என்றும் சொல்லிவிட முடியாது. மின்கருவிகளிலிருந்து கசியும் சிலவகை வானொலி அலைகள், ஐரோப்பிய இராபின் பறவையின் திசையறியும் புலனைக் குழப்புவதாக 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால் அவை கைபேசி அலைகளைவிட மிகவும் தாழ்ந்த அதிர்வெண் உடையவை. குருவியைப் பொறுத்தவரை, 2020-இல் வந்த இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, நாடு முழுவதையும் நோக்க அதன் தொகை பெரிதும் மாறவில்லை என்றும், பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் கூறியது. கூடுகட்டப் பொந்து இல்லை, குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லை என்பனவே பெரிதும் ஐயுறப்படும் காரணங்கள்.

அம்மாணவி சொன்ன காகத்தின் கூடும் முடிந்த சான்று ஆகாது. ஒரு கூடு, தீங்கில்லை என்று நிறுவிவிடாது. ஆயினும் அவள் கேட்டது நல்ல கேள்வி. விஞ்ஞானம் அத்தகைய கேள்வியிலிருந்துதான் புறப்படுகிறது.

சொற்போரின் முடிவில் இந்நிகழ்ச்சியை அவையோரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, மெய்யாக நடந்த ஒரு பறவைக் கதையையும் சொன்னேன். 1990-களில் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் திடீரென மாளத் தொடங்கின. சிலவகைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் அழிந்தன. நோயா, நஞ்சா, உணவுக் குறைவா என்று பலரும் பலவாறு ஐயுற்றார்கள். ஆராய்ச்சியாளர் இறந்த கழுகுகளை அறுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புக்களில் வெண்மையான உப்புப் படிந்திருந்தது. கால்நடைகளுக்கு வலிநீக்க அளிக்கும் டைக்ளோஃபினாக் என்னும் மருந்து அவ்வுடல்களில் இருந்தது. அம்மருந்து கலந்த இறைச்சியை உண்ட கழுகுகளும் அவ்வாறே மடிவதைச் சோதித்து அறிந்தார்கள். 2004-இல் முடிவு வெளியாயிற்று. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை வழங்குவது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. காரணம் சரியாகத் தெரிந்தபடியால்தான் தடையும் சரியான பொருளின்மேல் விழுந்தது. அன்று ஒருவர் கோபுரத்தைக் குறை கூறியிருந்தால், நாம் கோபுரத்தைப் பெயர்த்துக்கொண்டிருப்போம். மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

பறவையின்மேல் இரக்கம் கொள்ளச் செய்தது ‘2.0’ செய்த நன்மை. அந்நன்மைக்காக அதன் பிழையை மன்னிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கதை என்ற அளவில் மன்னிக்கலாம் என்றேன். தேவர்கள் எறும்பானதை நாம் ஏற்கவில்லையா? புராணம் தன்னைப் புராணம் என்றே கூறிக்கொள்கிறது. படமோ ஆய்வுக்கூடத்து உடையணிந்து வருகிறது. அவ்வாறு வரும்போது அதனிடம் சான்று கேட்பது நம் உரிமை மட்டுமன்று, பறவைக்கு நாம் ஆற்றும் கடமையுமாகும். தவறான பகைவனோடு போரிடும் இரக்கம் யாரையும் காப்பதில்லை.

‘எந்திர’னில் விஞ்ஞானமும், ‘2.0’-இல் வேடிக்கையும் வென்றன என்று தீர்ப்பளித்தேன். இரு படங்களையும் மீண்டும் பாருங்கள், மகிழுங்கள், கண்ணீர் வந்தால் விடுங்கள். மறுநாள் காலையில் உங்கள் தெருக் கோபுரத்தையும் அண்ணாந்து பாருங்கள். அங்கே கூடு இருந்தால், உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். அவர் உட்காரச் சொன்னால், மீண்டும் ஒருமுறை பணிவோடு எழுந்து கேளுங்கள்.