நெஞ்சு திறக்கும் பொம்மசந்திரா!

ஓசூரிலிருந்து பஸ் ஏறி அத்திப்பள்ளி, சந்தாபுரா தாண்டினால் பொம்மசந்திரா. தொழிற்பேட்டை, லாரிகள், புழுதி. அதற்கு நடுவில்தான் இருக்கிறது டாக்டர் தேவி ஷெட்டியின் நாராயணா ஹிருதயாலயா. ஒரே நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட இதய ஆபரேஷன்கள் செய்து உலகத்தையே வாய்பிளக்க வைத்த ஆஸ்பத்திரி!

பைபாஸ் நடக்கும்போது அந்த மூடிய கதவுக்குப் பின்னால் என்னதான் நடக்கிறது? வாருங்கள், எட்டிப் பார்ப்போம்.

நடு நெஞ்செலும்பை ரம்பம் நீளவாக்கில் பிளக்கிறது. மார்புச் சுவரின் உட்பக்கம் ஓடும் தமனியை ஒருவர் பதமாகப் பிரித்தெடுக்கும்போதே, இன்னொருவர் காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்துக்கொண்டிருக்கிறார். ரத்தம் இப்போது இதய-நுரையீரல் இயந்திரத்தின் வழியே ஓடுகிறது. அதை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் திரையைவிட்டுக் கண்ணை எடுப்பதே இல்லை. பொட்டாசியம் கலந்த கரைசல் உள்ளே போகிறது. இதயம் நிற்கிறது! ஆமாம், நின்றேவிடுகிறது. மானிட்டரில் நேர்கோடு; ஒருவரும் பதறுவதில்லை. இரண்டு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத இதயக் குழாயோடு, பிரித்தெடுத்த குழாய்களை பூதக்கண்ணாடி மாட்டிய சர்ஜன் முடியைப் போன்ற நூலால் தைத்து இணைக்கிறார். கிளாம்ப்பை எடுத்ததும் ரத்தம் பாய்ந்து, இதயம் மறுபடி துடிக்கிறது பாருங்கள், அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும்! பல சர்ஜன்கள் இதயத்தை நிறுத்தாமல், துடிக்கத் துடிக்கவே இதைச் செய்கிறார்கள் என்பது இன்னும் பெரிய ஆச்சரியம்.

ஒரே நாளில் இத்தனை ஆபரேஷன்களை வேகவேகமாகச் செய்தால் தரம் கெடாதா? நேர் எதிர்! 1979-லேயே ஹெரால்ட் லஃப்ட் குழுவினர் அமெரிக்க ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தார்கள். திறந்த இதய ஆபரேஷன், பைபாஸ் போன்றவற்றை ஆண்டுக்கு 200 அல்லது அதற்கு மேல் செய்த இடங்களில் இறப்பு விகிதம் 25 முதல் 41 சதவீதம் வரை குறைவாக இருந்தது. கை பழகுவது சர்ஜனுக்கு மட்டுமல்ல. கேட்கும் முன்பே கருவியை நீட்டும் நர்ஸுக்கும், மயக்க மருந்து டாக்டருக்கும் சேர்த்துத்தான்.

2008-இல் நாராயணாவில் 3,174 பைபாஸ்கள். புகழ்பெற்ற கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 1,367. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் நாராயணாவில் 1.4 சதவீதம், அமெரிக்கச் சராசரி 1.9. நோயாளிகளின் வயதும் நோயின் தீவிரமும் இரு நாட்டிலும் வேறு என்பதால், இதை வைத்து யார் பெரியவர் என்று தீர்ப்பெழுத முடியாது. ஆனால் கூட்டம் இருந்தால் கவனம் இருக்காது என்ற நம் பழைய பயத்துக்கு இது நல்ல பதில். செலவு? அன்றைக்கு இங்கே சுமார் 2,000 டாலர். அமெரிக்காவில் 20,000-இல் தொடங்கியது. ஒரே இயந்திரம் நாள் முழுக்க ஓடினால் ஒவ்வொரு நோயாளியின் தலையிலும் விழும் பங்கு சுருங்கிவிடும். செலவில் கண் வைத்திருக்க, அன்றாட வரவு செலவுக் கணக்கே டாக்டர்களின் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ்ஸாக வந்ததாம்! 2003-இல் கர்நாடகத்தில் தொடங்கிய யஷஸ்வினி மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயிகள் மாதம் ஐந்து ரூபாய் கட்டி ஆபரேஷன் செய்துகொள்ள முடிந்ததற்கும் இந்தக் குறைந்த செலவு துணைநின்றது.

என்னைக் கேட்டால் நிஜமான ஹீரோக்கள் இருப்பது ஐ.சி.யூ.வில்தான். ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி நெஞ்சுக் குழாயில் எவ்வளவு ரத்தம் வடிகிறது, சிறுநீர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று மணிக்கு மணி குறிக்கும் நர்ஸுகள்! கசிவை அரை மணி முன்னதாகக் கண்டுபிடித்தால் ஒரு உயிர் மிஞ்சும்.

நியூயார்க் மாநிலம் 1990 முதலே பைபாஸ் முடிவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிடுகிறது. நம் ஊரில் நாமேதான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் யாருக்காவது பைபாஸ் என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்: "டாக்டர், போன வருஷம் இந்த ஆபரேஷன் இங்கே எத்தனை பேருக்கு நடந்தது? எத்தனை பேர் நல்லபடியாக வீடு திரும்பினார்கள்?"