மேசைக் கணனிச் செயலியுள் ஒரு சிறு மொழி

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் காரியாலயங்களிற் கணனியோடு பழகுபவர். அவருள் ஒருவர் திருகோணமலைத் துறைமுகத்திற் கப்பற் கட்டணம் கணிக்கும் செயலியைக் கையாளுகின்றார் எனக் கொள்வோம். கப்பலின் தொன்னளவு, தங்கிய நாள்கள் ஆகியவற்றைக் கொண்டு அது கணக்கிடும். கட்டண விதி மாறுந்தோறும் இலிகிதர் செயலியை ஆக்கியோனைத் தேடிச் செல்லல் வேண்டும். அவரும் முழுவதையுந் திருத்தி மீண்டும் ஆக்கித் தரல் வேண்டும். விதிகளை மட்டும் செயலிக்குப் புறம்பே எளிய மொழியொன்றில் எழுதிவைக்க இடமளிப்பின் இவ்வல்லல் தீரும். அம்மொழியையே ஸ்கிரிப்ட் மொழி என்பர்.

சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டு வளர்ந்த நமக்கு, இத்தகைய மொழியொன்று எண்ணெய்த் தொழிலிலேயே பிறந்தமை சுவை தருவதாகும். பிரேசில் நாட்டு றியோ டி ஜெனீரோக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தார் பெற்றோபிராஸ் கம்பெனியின் தேவைக்காக ‘டெல்’, ‘சோல்’ என இரு சிறு மொழிகளை ஆக்கியிருந்தனர். 1993இல் அவ்விரண்டினையும் ஒன்றாக்கி யெருசலிம்ஸ்கி முதலிய மூவர் அமைத்ததே ‘லுவா’. போர்த்துக்கேய மொழியிற் சோல் என்பது சூரியன். லுவா என்பது சந்திரன். (மேசை, சாவி ஆகிய சொற்களையும் நமக்குத் தந்தது அம்மொழியே.) அதனைக் கையாளவிருந்தோர் பொறியியலாளரும் புவிச்சரிதவியலாருமாவர், நிரலெழுதுதலைத் தொழிலாகக் கொண்டவரல்லர்.

லுவா, சீ மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நூலகம். அதனைச் செயலியுடன் இணைத்துவிடுவர். செயலி, விதியையும் தொன்னளவையும் நாளெண்ணையும் ஓர் அடுக்கின்மேல் வைக்கும். லுவா அவற்றையெடுத்துக் கணித்து, விடையை அவ்வடுக்கிலேயே வைக்கும். செயலியின் எத்தொழில்களை விதியெழுதுவோர் ஏவலாம் என்பதையும் ஆக்கியோனே பதிவு செய்வன்.

இடர் இருப்பது இங்கேதான். வேர்ட் செயலி தன் ஆவணங்களுள் மக்ரோ எழுத இடமளித்தது. ஆவணத்தைத் திறந்த மாத்திரத்தே அது இயங்கவுங்கூடும். 1999 மார்ச்சிற் பரவிய மெலிசா, ஆவணத்தைத் திறந்தவரின் முகவரிப் புத்தகத்திலிருந்து ஐம்பதின்மர்க்குத் தன்னைத் தானே அனுப்பியது. இணையவழி வரும் மக்ரோக்களை இயல்பாகவே தடுத்துவிடும் முறை 2022இலேதான் வந்தது. இத்துணைக் காலம் தாழ்த்தமைக்குக் காரணம் ஊகித்தற்கு அரிதன்று: ஒருமுறை திறந்ததை நம்பி எண்ணற்ற காரியாலயங்கள் தத்தம் வேலையை அமைத்துவிட்டன.

ஆகவே கோப்புகளையும் இயங்குதளத்தையும் தொடும் நூலகங்களை லுவாவுடன் ஏற்றாதிருத்தல் நன்று. விதியிற் பிழை நேரின் செயலி முழுவதும் வீழ்ந்துவிடாதவாறு காப்புள்ள அழைப்பு முறையையே கையாளல் வேண்டும். முடிவின்றிச் சுழலும் விதியை நிறுத்த, இத்தனை கட்டளைகளுக்கு ஒருமுறை கணனி தன்னிடம் மீளுமாறு செய்யவும் வழியுண்டு.

நமது துறைமுகச் செயலிக்கு முதலில் மூன்று தொழில்களே போதுமென்பேன்: தொன்னளவை அறிதல், நாள்களை அறிதல், கட்டணத்தைத் திருப்பித் தருதல். பேரேட்டிற் பதியும் வேலை செயலியிடமே இருக்கட்டும். இலிகிதர் வேறொன்று கேட்கும்போது, அதனை ஆராய்ந்து சேர்க்கலாம்.