கல்லை மாற்றாத ஊர்

நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்துக்கும் சீஸுக்குப் பேர்போன கௌடாவுக்கும் நடுவே, ஹாலண்ட்ஸ் ஐசல் என்கிற ஆற்றங்கரையில் அவுடேவாட்டர் என்று ஒரு சின்ன ஊர். 1265-லேயே நகர அந்தஸ்து வாங்கியது. இன்றைக்கும் மொத்தம் பத்தாயிரம் பேர் அளவில்தான். சுற்றுலா போகிறவர்கள் அங்கே ஒரு பெரிய மரத் தராசில் ஏறி நிற்கிறார்கள். இறங்கியதும் கையில் ஒரு சான்றிதழ்: இவர் சூனியக்காரர் இல்லை. டீ ஆறுவதற்குள் அந்தச் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களைக் கொன்றார்கள். துடைப்பத்தில் பறக்கிறவளுக்கு உடம்பில் கனமே இருக்காது என்பது அன்றைய நம்பிக்கை. சரி, நிறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? அங்கேதான் சிக்கல். நிறுக்கிறவன் காசு வாங்கிக்கொண்டு கல்லை மாற்றினால் போச்சு, ஒரு உயிர்.

பேரரசர் ஐந்தாம் சார்லஸ் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணுக்கு அப்படிக் கள்ள எடை போட்டதைப் பார்த்துவிட்டு, அதே பெண்ணை அவுடேவாட்டரில் நிறுக்கச் சொன்னாராம். எடை சரியாக இருந்ததாம். 1545-ல் இந்த ஊருக்குத் தனி உரிமை கொடுத்தாராம். எல்லாம் 'ஆம்'தான், சாசனம் எதுவும் கையில் இல்லை. எனக்கு ராஜா கதையைவிட வியாபாரக் கதைதான் நம்பும்படி இருக்கிறது. தராசு இருந்த எடைச் சாவடியில் அன்றாடம் நிறுத்தது சீஸும் நாரும். எடையில் ஏமாற்றுகிற ஊர் என்று பெயர் கெட்டால் சந்தைக்கு யார் வருவார்கள்?

சூனியப் பழி நீங்க எடை போட்டுக்கொள்ள ஜெர்மன் பகுதிகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். மடியில் கனமாக எதையும் ஒளித்துவிடக் கூடாது என்று உள்ளாடையோடு, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வெறுங்காலில் நிற்க வேண்டும். உடல்வாகுக்கு ஏற்ற எடைதான் என்று நகரசபை எழுதிக் கொடுத்துவிடும். கவனியுங்கள், தராசு மூடநம்பிக்கையை மறுக்கவில்லை. அதன் கணக்கை ஒழுங்காகப் போட்டது, அவ்வளவுதான். இங்கே நிறுத்து ஒருவரைக்கூடக் குற்றவாளி ஆக்கியதில்லை என்பது ஊரின் பெருமை.

ஊர் மட்டும் தப்பவில்லை. 1575 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பானியப் படை நுழைந்து, அகப்பட்டவர்களை வெட்டி, வீடுகளைக் கொளுத்தியது. இங்கே பிறந்த இறையியலாளர் அர்மீனியஸ் அப்போது மார்புர்க்கில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தாயும் உடன்பிறந்தவர்களும் அதில் கொல்லப்பட்டார்கள்.

ஊர் மறுபடி எழுந்ததில் கயிற்றுத் தொழிலுக்குப் பெரிய பங்கு. கஞ்சா இனத்துச் செடியின் நாரைத் திரித்துக் கப்பல் கயிறு செய்தார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் போனது. சீவிய நாரை இடுப்பில் சுற்றிக்கொண்டு, ஒரு முனையைச் சக்கரத்தில் மாட்டி, தொழிலாளி பின்னோக்கி நடந்துகொண்டே திரிப்பார். நாள் முழுக்க நடந்தால் வயிற்றுப் பக்கத்துத் துணியெல்லாம் மஞ்சள். அதனால் ஊர்க்காரர்களுக்கு 'மஞ்சள் வயிறர்' என்று பட்டப்பெயர். கயிற்றுக்கு ஒரு அருங்காட்சியகமும் உண்டு. தராசில் ஏறியவர்களில் பாதிப்பேர் அங்கே எட்டிப்பார்த்தால் ஆச்சரியம்!

போவதாக இருந்தால் ஒன்று: ஊரில் ரயில் நிலையம் கிடையாது. கௌடாவிலோ உட்ரெக்ட்டிலோ இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். துடைப்பம் உதவாது, சான்றிதழிலேயே போட்டுவிடுகிறார்களே.