பனஞ்சாறு: பதநீர், கள், சாராயம்

பனையின் பாளையிலிருந்து வடியும் சாறு ஒன்றே. அதிலிருந்து உண்டாகும் பண்டங்கள் பல. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கினால் அது பதநீர். தடவாத கலயத்தில் இறக்கினால் கள். கள்ளை வாலையிலிட்டு வடித்தால் சாராயம். கவனியாது விட்டுவிட்டால் காடி. இவ்வேற்றுமைகளுக்குக் காரணம் மரம் அன்று, கலயமும் காலமுமே. ஆகையால் இம்மாற்றங்கள் நிகழும் விதத்தைப் பனையுள்ள குடியானவர்களும் பனையேறிகளும் செவ்வையாய் அறிந்திருத்தல் அவசியம்.

சாற்றின் இயல்பு

ஆண் பனை, பெண் பனை ஆகிய இரண்டிலும் சாறு இறக்கலாம். பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, அதன் நுனியை நாள்தோறும் மெல்லியதாய்ச் சீவிவர, சாறு துளித்துளியாய்க் கலயத்தில் வடியும். புதிய சாற்றில் 100-க்கு ஏறக்குறைய 10 முதல் 13 பங்கு சர்க்கரை உண்டு. இதன் பெரும்பகுதி கரும்பில் உள்ள சர்க்கரையே. புதிதாய் வடியும் சாற்றில் புளிப்பும் இல்லை, போதையும் இல்லை.

கள் ஆகும் விதம்

காற்றிலும், பாளையின்மீதும், கழுவாத கலயத்தின் அடியிலும் ஈஸ்ட் என்னும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தங்கியிருக்கின்றன. இவை சாற்றிலுள்ள சர்க்கரையைப் பிரித்து, போதை தரும் சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. கள் நுரைப்பது இவ்வாயு வெளியேறுவதனாலேயே. புளிப்பு ஏறுதல் உயிருள்ள பொருளின் வேலையென்று பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் 1857-ஆம் ஆண்டு முதல் செய்த ஆராய்ச்சிகளால் விளக்கினார்.

நன்கு நுரைத்த கள்ளில் 100-க்கு ஏறக்குறைய 5 பங்கு சாராயச் சத்து இருக்கும். அதனை அப்படியே வைத்திருந்தால் வேறொரு வகை நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள பிராணவாயுவின் உதவியால் அச்சத்தைக் காடியாக மாற்றிவிடும். கள் நெடுநாள் நில்லாமைக்கு இதுவே காரணம்.

சாராயம் வடித்தல்

தண்ணீர் 100 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் கொதிக்கிறது. சாராயச் சத்தோ 78 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஆகவே கள்ளைக் காய்ச்சும்போது எழும் ஆவியில் சாராயச் சத்தே மிகுந்திருக்கும். அவ்வாவியைக் குளிரச்செய்தால் கள்ளைக்காட்டிலும் பன்மடங்கு வலிய திரவம் கிடைக்கும். வாலையின் தத்துவம் இவ்வளவே.

இலங்கையில் தென்னங்கள்ளை இவ்வாறு வடித்து, ஹல்மில்லை மரத்தால் செய்த பீப்பாய்களில் வைத்துப் பக்குவப்படுத்துகின்றனர். திராட்சை ரசத்திலிருந்து பிராந்தியும், முளைகட்டிய பார்லியிலிருந்து விஸ்கியும், கரும்பு ஆலைக் கழிவுப் பாகிலிருந்து ரம்மும் இம்முறையிலேயே உண்டாகின்றன. லிக்கர் எனப்படும் இனிப்பு மதுவகைகள், வடித்த சாராயத்துடன் சர்க்கரை, மூலிகை, பழத்தோல் முதலியவற்றைச் சேர்த்துச் செய்யப்படுபவை. இவை யாவற்றுக்கும் மூலம் உழவன் விளைவித்த சர்க்கரையோ மாவோ ஆகும்.

விஷச் சாராயம்

கள்ளத்தனமாய் விற்கப்படும் சாராயத்தால் உயிர்ச்சேதம் நேரிடும்போது, காய்ச்சிய பக்குவம் தவறியதே காரணமென்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காரணம் அதுவன்று. தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் மெத்தனால் என்னும் விஷத் திரவத்தைச் சாராயத்துடன் கலப்பதே காரணம். நிறத்தாலோ மணத்தாலோ இதனைப் பிரித்தறிய இயலாது. இதன் கேடு அருந்தியவுடன் தோன்றாது. பல மணி நேரம் கழித்தே வாந்தி, வயிற்று வலி, பார்வை மங்குதல் முதலிய குறிகள் காணும். அப்போது கைமருந்து செய்து காலம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவேண்டும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

சுண்ணாம்பின் வேலை

சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவியது. கள் இறக்கிப் பிழைத்த குடும்பங்கள் அப்போது பதநீரையும் வெல்லத்தையும் நாட நேர்ந்தது. தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டு முதல் கள் இறக்குதல் தடுக்கப்பட்டிருக்கிறது. எனவே கலயத்தில் பூசும் சுண்ணாம்பே பனையேறியின் தொழிலுக்குக் காப்பு.

சுண்ணாம்பு சேர்ந்த சாற்றில் ஈஸ்ட் பெருகுவதில்லை. சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும். சர்க்கரையின் ஒரு பகுதி சிதைந்து, பாகு இறுகாமல் இளகி நிற்கும். கருப்பட்டியும் விரைவில் கசியும். சுண்ணாம்பு மிகுந்தாலோ கருப்பட்டி கறுத்துச் சுவை கெடும். மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி சாறு விட்டால், போதிய சுண்ணாம்பு உள்ளபோது அவ்விடம் சிவக்கும். சிவக்காத சாற்றைத் தனியே வைத்தல் நலம். நல்ல சாற்றுடன் கலந்தால் முழுப் பாகும் கெடும்.

கலயங்களை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் கழுவி, வெயிலில் உலர்த்திப் புதிதாய்ச் சுண்ணாம்பு பூசவேண்டும். இறக்கிய சாற்றை வடிகட்டித் தெளியவைத்துத் தாமதமின்றி அடுப்பேற்ற வேண்டும். காலையில் இறக்கியதை மாலைவரை வைத்திருப்பவர், கிடைத்த சர்க்கரையைத் தாமே ஈஸ்டுக்கு இரையாக்குகிறார்.

முடிவு

பத்து லிட்டர் நல்ல பதநீரைக் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். அது உணவாகும், மாதக்கணக்கில் கெடாது, விலை ஏறும்வரை வைத்திருந்து விற்கலாம். அதே சாறு புளித்துவிட்டால் ஒரு நாளும் நில்லாது. இறக்கியவர் சட்டத்துக்கும் அஞ்சவேண்டியவர் ஆகிறார். உயிரைப் பணயம் வைத்து மரமேறிக் கொணரும் சாறு வீணாகாமலிருக்க, கைப்பிடிச் சுண்ணாம்பும் சுத்தமான கலயமும் போதும்.