கறுப்புத் திரையா? ஃபார்மேட் பண்ணாதீங்க பாஸ்!

பென் டிரைவ் ரெடி. லினக்ஸ் ரெடி. 'ரீஸ்டார்ட்' கொடுத்தாச்சு. கம்பெனி லோகோ வருது, ரெண்டு வரி மின்னல் மாதிரி ஓடுது... அப்புறம்? அமாவாசை இருட்டு! மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

லினக்ஸ் ஆசையோடு வருகிற கல்லூரி நண்பர்கள் பலர் பயந்து திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. 'பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுப் பார்ப்போமே' என்று நினைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா என்ன?

ஆனால், இருட்டைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க செய்கிற முதல் வேலை என்ன தெரியுமா? மறுபடியும் இன்ஸ்டால்! அந்தப் பதற்றத்தில் 'டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்' என்ற ஆப்ஷனை க்ளிக் பண்ணிவிட்டால்... விண்டோஸ், ஃபைனல் இயர் புராஜெக்ட், நாலு வருஷ போட்டோ எல்லாமே கோவிந்தா!

ஒரு விஷயத்தை மனசில் ஆழமாகப் பதிய வைத்துக்கொள்ளுங்கள். இருண்டு போனது திரைதான்; ஹார்டு டிஸ்க் இல்லை. லினக்ஸ் பெரும்பாலும் உள்ளே நல்லபடியாக ஓடிக்கொண்டுதான் இருக்கும். படம் மட்டும் உங்களிடம் வந்து சேரவில்லை. படம் வருகிற வழியைச் சரிசெய்தால் போதும். மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் அதே டிரைவர், அதே கார்டு, அதே இருட்டுதான்!

முதலில் நாடி பாருங்க!

டாக்டர் மாதிரி ஒரு சின்ன சோதனை. கேப்ஸ் லாக் பட்டனை அமுக்குங்க. விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியென்றால் உள்ளே உயிர் இருக்கிறது. அடுத்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அமுக்குங்க. (சில லேப்டாப்பில் 'எஃப்என்' பட்டனையும் சேர்க்க வேண்டியிருக்கும்.) கறுப்புப் பின்னணியில் 'லாகின்' என்று எழுத்து வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. லினக்ஸ் நலம், டெஸ்க்டாப்பைக் காட்டும் பகுதிதான் தகராறு என்று அர்த்தம்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவே இல்லையா? அப்போது நிஜமாகவே உறைந்துவிட்டது. பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணைக்கலாம். ஆனால் இன்ஸ்டாலர் ஃபைல்களைக் காப்பி செய்துகொண்டிருக்கும் நேரத்தில் திரை இருண்டால், உடனே அணைக்காதீர்கள். டிஸ்க் விளக்கு ஓடுகிறதா என்று பார்த்து, கொஞ்ச நேரம் பொறுத்திருங்கள்.

இந்த இருட்டு எங்கிருந்து வருது?

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையில் லோகோவைக் காட்டுவது லினக்ஸ் அல்ல. மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர்தான். கொஞ்ச நேரத்தில் லினக்ஸ் கெர்னல் விழித்துக்கொண்டு, 'இனிமே திரையை நான் பார்த்துக்கிறேன்' என்று கிராஃபிக்ஸ் டிரைவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. இதற்கு கெர்னல் மோட் செட்டிங் என்று பெயர். 2009-ல் வந்த 2.6.29 கெர்னலில்தான் இது நுழைந்தது. ரிலே ரேஸில் கை மாறும்போது குச்சி நழுவுமே... அது மாதிரி இந்தக் கை மாறும் நொடியில் டிரைவருக்கும் கார்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால், திரை இருண்டுவிடும்.

அதற்கு முந்தைய காலம் இன்னும் கொடுமை! மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண்களை ஒரு கான்ஃபிகரேஷன் ஃபைலில் நாமே டைப் செய்ய வேண்டியிருக்கும். தப்பான எண்ணைக் கொடுத்தால் சில பழைய குண்டு மானிட்டர்களுக்குச் சேதமே வரலாம் என்று எச்சரிப்பார்கள். இன்று அந்தத் தலைவலி இல்லை. பெரும்பாலும் எல்லாமே தானாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

அப்புறம் ஏன் சில லேப்டாப்பில் மட்டும் மக்கர்? இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் திறந்த மூல டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருக்கின்றன. என்விடியா கதை வேறு. கார்டின் விவரங்களைக் கம்பெனி தராததால், ஆர்வலர்கள் கார்டின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்தே 'நுவோ' என்ற டிரைவரை எழுதினார்கள். 2010-ல் வந்த 2.6.33 கெர்னலில் அது சேர்ந்தது. 2012-ல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் பேசிய லினஸ் டோர்வால்ட்ஸ், கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டியே என்விடியாவைத் திட்டினார் என்றால் கடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்! 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதி டிரைவரைத் திறந்த மூலமாக வெளியிட்டது. நிலைமை நிறையவே மாறியிருக்கிறது. ஆனாலும் முதல் பூட்டில் கறுப்புத் திரை காட்டுகிற வழக்கம் முழுசாகப் போகவில்லை.

முதலுதவி: ஒரே ஒரு வார்த்தை

இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவின் மெனுவிலேயே ஒரு கதவு திறந்திருக்கும். உபுண்டுவில் 'சேஃப் கிராஃபிக்ஸ்', லினக்ஸ் மின்ட்டில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்', ஃபெடோராவில் 'ட்ரபிள்ஷூட்டிங்' என்பதற்குள் 'பேசிக் கிராஃபிக்ஸ் மோட்'. பெயர்தான் வேறு. உள்ளே நடக்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இன்ஸ்டால் முடிந்தபின் இருட்டு வந்தால்? ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனை விட்டு விட்டுத் தட்டுங்க. பழைய பயாஸ் மெஷினாக இருந்தால் ஷிஃப்ட்டைப் பிடித்தபடி இருங்க. 'க்ரப்' மெனு வரும். முதல் வரியில் நின்று ஆங்கில 'ஈ' எழுத்தைத் தட்டுங்க. 'லினக்ஸ்' என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசிக்குப் போய், ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்று டைப் செய்யுங்க. நோ, மோட், செட் மூன்று சொல்லும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். பிறகு கண்ட்ரோலோடு எக்ஸ், அல்லது எஃப்10. அவ்வளவுதான்!

கெர்னலிடம் நாம் சொல்வது இதுதான்: 'திரை மேலே கை வைக்காதே, ஃபர்ம்வேர் போட்டுக்கொடுத்த படத்தையே வச்சு ஓட்டு.' பெரும்பாலான லேப்டாப்பில் இதற்கே வெளிச்சம் வந்துவிடும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். அதனால் தைரியமாகச் செய்து பார்க்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இது முதலுதவிதான், வைத்தியம் இல்லை! நோமோட்செட்டில் ஓடும்போது வீடியோ திக்கும், ரெசல்யூஷன் மாறாது, பிரைட்னஸ் பட்டன் வேலை செய்யாமல் போகலாம், வெளி மானிட்டரும் தெரியாமல் போகலாம்.

நிரந்தர மருந்து

முதலில் எந்த டிரைவர் ஓடுகிறது என்று கண்டுபிடிங்க. டெர்மினலைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, ஒரு சிறு கோடு, கே. எல்லாம் சின்ன எழுத்து. நீளமான பட்டியல் வரும். அதில் 'விஜிஏ' அல்லது 'டிஸ்ப்ளே' என்ற வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு பெயர் இருக்கிறதா பாருங்க. 'ஐ915' என்றால் இன்டெல். 'ஏஎம்டிஜிபியு' என்றால் ஏஎம்டி. 'நுவோ' அல்லது 'என்விடியா' என்றால் என்விடியா கார்டு. அந்த வரியே இல்லாவிட்டால் கார்டுக்கு டிரைவரே சிக்கவில்லை என்று பொருள்.

புத்தம் புது லேப்டாப்பில் இன்டெல், ஏஎம்டி தகராறு செய்தால், கெர்னல் பழசு என்பதே வழக்கமான காரணம். கார்டு பிறந்த பிறகு எழுதப்பட்ட கெர்னலுக்குத்தானே கார்டைத் தெரியும்! சிஸ்டத்தை முழுசாக அப்டேட் செய்யுங்க, அல்லது புதிய வெளியீட்டை எடுங்க.

என்விடியா என்றால் உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்'. அதில் 'ரெகமெண்டட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். கம்பெனி தளத்துக்கே போய் ஃபைலை இறக்கிக் கையால் போடுவது கெத்தாகத் தெரியலாம். ஆனால் அடுத்த கெர்னல் அப்டேட்டில் மறுபடி அமாவாசை வரக்கூடும். பெரிய நம்பர் நல்ல டிரைவர் என்ற கணக்கும் வேண்டாம். ஜிடிஎக்ஸ் 1050 மாதிரியான பாஸ்கல் கார்டுகளுக்கு 580 வரிசைதான் கடைசி. அதற்கு மேல் போட்டால் கார்டையே அது கண்டுகொள்ளாது.

டிரைவர் போட்டாச்சா? இப்போது மறக்காமல் நோமோட்செட்டை எடுத்துவிடுங்க! சில இன்ஸ்டாலர்கள் அந்த வார்த்தையை நிரந்தரமாகவே எழுதிவைத்துவிடும். அது இருக்கும்வரை இன்டெல், ஏஎம்டி, நுவோ டிரைவர்கள் எழுந்தே வராது. உபுண்டு, மின்ட்டில் 'ஈடிசி' ஃபோல்டர், அதற்குள் 'டிஃபால்ட்', அதற்குள் 'க்ரப்' என்ற ஃபைல். அதில் அந்தச் சொல்லை அழித்து, டெர்மினலில் 'சூடோ அப்டேட்-க்ரப்' கொடுத்தால் முடிந்தது.

நீலத் திரையைத் தாண்டிப் போகாதீங்க!

டிரைவர் போட்டும் வேலை செய்யவில்லையா? சந்தேகப்பட வேண்டிய ஆள் செக்யூர் பூட். கையெழுத்து இல்லாத டிரைவரை உள்ளே விடாத வாட்ச்மேன் இவர். அதனால்தான் டிரைவர் போடும்போது சில சமயம் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்வார்கள். அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வரும். அதில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். அவசரத்தில் 'கன்டினியூ பூட்' தட்டிவிட்டால் சாவி பதிவாகாது, டிரைவர் வாசலிலேயே நிற்கும்! அப்படி ஆகியிருந்தால், 'மோக்யூட்டில்' கமாண்டால் சாவியை மறுபடி பதியச் சொல்லலாம்.

செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடலாமே என்கிறீர்களா? பண்ணலாம். ஆனால் விண்டோஸும் அதே லேப்டாப்பில் இருந்தால், முதலில் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 'சாவி எங்கே?' என்று கேட்டு வாசலை மூடிவிடும்.

படம் வருது... ஆனா பூதாகாரமா வருது!

செமினார் ஹால் புரொஜக்டர். லேப்டாப்பைச் சொருகினால் 1024-க்கு 768-க்கு மேல் ரெசல்யூஷன் ஏறவே மாட்டேன் என்கிறது. டிரைவர் சரி. அப்புறம் யார் மேல் தப்பு? பல நேரம் கேபிள் மேல்தான்!

ஒவ்வொரு மானிட்டரும் தன்னைப் பற்றிய ஜாதகத்தை வைத்திருக்கிறது. 'நான் இன்னார், இந்த ரெசல்யூஷன் தாங்குவேன்' என்று சொல்கிற 128 பைட் தகவல். அதற்கு எடிட் என்று பெயர். கேபிள் வழியாக இது கம்ப்யூட்டருக்கு வரும். விஜிஏ கேபிளில் 12, 15-ஆம் பின்கள்தான் இதைச் சுமக்கின்றன. மட்டமான கேபிள், வளைந்த பின், மலிவான கன்வெர்ட்டர் என்றால் படம் வரும், ஜாதகம் வராது. எதுவும் தெரியாத லினக்ஸ், பாதுகாப்பாக ஒரு சின்ன ரெசல்யூஷனைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் கமாண்டோடு மல்லுக்கட்டும் முன், வேறு கேபிளை மாற்றிப் பாருங்க.

வெளி மானிட்டர் தெரியவே இல்லையா? இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள சில லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட் நேராக என்விடியா சிப்போடு இணைந்திருக்கும். உள்திரையை இன்டெல் ஓட்டும். அதனால் என்விடியா டிரைவர் சரியாக ஏறாதவரை அந்த போர்ட் செத்த மாதிரியே கிடக்கும். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் பின்பக்கம் ஒரு பார்வை பாருங்க. தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது கேபிளை மதர்போர்டில் சொருகியிருந்தால், கார்டு பாவம் என்ன செய்யும்?

சீனியர் அண்ணாகிட்ட கேட்கும்போது...

'அண்ணா, லினக்ஸ் செத்துப்போச்சு' என்றால் அவரால் எதுவும் செய்ய முடியாது. லேப்டாப் மாடல் என்ன, எந்த லினக்ஸ், எந்த வெர்ஷன், மேலே சொன்ன பட்டியலில் டிரைவர் வரி என்ன சொல்கிறது, இருட்டு எப்போது வருகிறது... லோகோவுக்கு முன்னாலா, பின்னாலா, பாஸ்வேர்டு போட்ட பிறகா? இதையெல்லாம் சொல்லுங்கள். கெர்னலுக்கு முன்னால் என்றால் பென் டிரைவையோ பயாஸையோ பார்க்க வேண்டும். கெர்னல் ஏறும்போது என்றால் டிரைவர். பாஸ்வேர்டுக்குப் பிறகு என்றால் டெஸ்க்டாப். பாதி பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது!

அடுத்த முறை யாருக்காவது லினக்ஸ் போட உட்கார்ந்தால், இரண்டே வேலையை முன்னாடியே முடித்துவிடுங்கள். ஒன்று, முக்கியமான ஃபைல்களை வேறு டிஸ்கில் காப்பி. இரண்டு, இன்ஸ்டால் செய்யாமலேயே 'ட்ரை' ஆப்ஷனில் பத்து நிமிஷம் ஓட்டி, திரை, பிரைட்னஸ், வெளி மானிட்டர் மூன்றையும் பார்த்துவிடுவது. அதற்கப்புறம் இருட்டு வந்தால் வரட்டுமே! நாடி பார்க்க உங்களுக்குத் தெரியும். கேப்ஸ் லாக்கிலிருந்து ஆரம்பிங்க!